இடியாப்ப வண்டியின் முன் நின்ற வரிசை

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, ரோட்டோரமாகத் திருவண்ணாமலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருஷம் இருக்கும். அன்று பௌர்ணமி. மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்றில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அன்று காலையில்தான் விட்டிருந்தேன். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மில்காரர் கெட்டவர் இல்லை, சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரே இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் இப்படித்தான். முதலாளி வந்து கணக்குப் பார்த்துச் சம்பளம் தரும்வரை உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாமல், கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைத் தாண்டிப் போன பஸ்களில் எல்லாம் கிரிவலக் கூட்டம் படியில் தொங்கிக்கொண்டு போனது. கையில் காசு இல்லை என்பதற்காக நான் கவலைப்படவில்லை. பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் போகிறவன் பசியோடு படுக்க மாட்டான். மலையைச் சுற்றி எந்த இடத்தில் எந்த ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு என்ன சாதம் போடுவார்கள், எந்த வரிசை சீக்கிரம் நகரும், எங்கே இரண்டாவது முறை போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு சமயம் காவித் துண்டு கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், வரிசை இன்னும் சுலபமாக இருந்தது. ஆனால் காலில் விழ ஆரம்பித்துவிட்டார்கள். பயந்துபோய் அவிழ்த்துவிட்டேன்.

ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாகச் செங்கம் ரோட்டில் நடந்து, கிரிவலப் பாதையில் திரும்பினேன். நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு அன்னதானப் பந்தல்கள் வந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டி நின்றது. அதன் முன்னால் இருந்த வரிசைதான் நீளமாக இருந்தது. சாப்பாட்டு விஷயத்தில் நீளமான வரிசை பொய் சொல்லாது என்பது என் அனுபவம். போய் நின்றேன்.

புது வண்டி. பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. மேலே நீளமாக ஒரு போர்டு. அரசு முத்திரை, பெரிய எழுத்தில் "தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன்" என்ற வரி, அதன் கீழே சின்ன எழுத்தில் மறுவாழ்வு, சுயதொழில் என்று ஏதோ நீளமாக எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தன் மனைவியிடம் அந்தப் போர்டைக் காட்டினார்.

"கவர்மெண்டே அன்னதானம் போடுது பாரு."

"இன்னாது, இடியாப்பமா?" என்றாள் அந்த அம்மாள் எட்டிப் பார்த்து. "பரவால்லியே. எல்லா இடத்திலயும் தக்காளி சாதம் துன்னு துன்னு வாயே புளிச்சுப் போச்சு."

வண்டியின் பின்னால் ஒரு பெண், கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மாசமாக இருந்தாள். வயிறு நன்றாக மேலேறியிருந்தது. அவள் கணவன் நின்றபடி தட்டில் இடியாப்பம் வைத்து, மேலே மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றி, ஓரத்தில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல் வைத்து நீட்டினான். "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். வாங்கியவர்கள் தட்டை நெற்றி வரை தூக்கி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றார்கள். ஒருவர் சில்லறையை எடுத்து, கண்ணில் ஒற்றி, கோயில் உண்டியலில் போடுவதுபோல வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நானும் வாங்கினேன். மரத்தடியில் நின்றபடி தின்றேன். எத்தனையோ இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன், அப்படி ஒரு ருசி கண்டதில்லை. அந்தக் குழம்புக்குச் சொதி என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. தட்டை வழித்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றேன்.

இரண்டாம் தடவை கிட்டே போனபோதுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். போகிற ஒவ்வொரு தட்டையும் அவள் கண் தொடர்ந்து போய்த் திரும்பியது. மாவுச் சட்டியை ஒரு முறை பார்ப்பாள், வரிசையைப் பார்ப்பாள், மறுபடி பிழிவாள். கோபம் இல்லை. சரிந்துகொண்டிருக்கும் சுவரைக் கையால் தாங்கிப் பிடித்திருப்பவள் மாதிரி இருந்தாள். அன்னதானம் போடுகிறவர்கள் முகம் அப்படி இருக்காது. அவர்கள் பெருமையாக இருப்பார்கள், இல்லையென்றால் வரிசையை அதட்டிக்கொண்டிருப்பார்கள்.

"யாரும்மா போடறது இந்த அன்னதானம்?" என்று கேட்டேன்.

அவள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இது அன்னதானம் இல்லை அண்ணை. இது கடை."

எனக்கு முதலில் புரியவில்லை. "கடைன்னா காசு வாங்கலியே?"

"அவை கேக்காமலே வரிசையில நிண்டிட்டினம்" என்றாள். மாவை எடுத்து அச்சில் திணித்தாள்.

பேச்சிலேயே தெரிந்துவிட்டது, இலங்கைக்காரர்கள். எங்கள் மாவட்டத்தில் அவர்கள் இருக்கும் முகாம்கள் உண்டு. முகாமில் இருக்கிற பெயிண்டர்களோடு நானும் கொஞ்ச நாள் சுவர் சுரண்டப் போயிருக்கிறேன். ஆனால் இவர்கள் பேச்சு அவர்கள் பேச்சு மாதிரி நம் ஊரோடு கலந்திருக்கவில்லை. வந்து அதிக நாள் ஆகவில்லை என்று பட்டது.

பேசிக்கொண்டே தின்று தீர்த்திருந்த இரண்டாவது தட்டைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். நான் கூச்சம் இல்லாதவன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்றிருக்கிறேன், லாட்ஜுக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறேன். சத்தமாகச் சொன்னேன்.

"இது அன்னதானம் இல்லீங்க. கடை. காசு குடுத்து வாங்கறவங்க மட்டும் நில்லுங்க."

வரிசை கொஞ்சம் கலைந்தது. சிலர் பக்கத்துப் பந்தலுக்குப் போனார்கள். இரண்டு மூன்று பேர் பர்ஸை எடுத்தார்கள். ஆனால் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் முன்னால் வந்து போர்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏம்பா, இன்னா எழுதியிருக்குது இங்க? அரசு நிதின்னு போட்டிருக்குது இல்ல? கவர்மெண்டு சும்மா குடுக்கச் சொன்ன சோத்த விக்கறீங்களா?"

"அப்படி இல்லீங்க. வண்டிதான் கவர்மெண்டு குடுத்தது. வியாபாரம் இவங்களுது."

"நீ யாரு? கூட்டாளியா? இவ்ளோ நேரம் சும்மாதானே குடுத்தாங்க. கூட்டம் ஜாஸ்தி ஆனதும் காசா?"

பின்னாலிருந்து ஓர் அம்மாள், "கிரிவலப் பாதையில சோத்துக்குக் காசு கேக்கறீங்களே, உருப்படுவீங்களா?" என்றாள். ஓர் இளைஞன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். இன்னொருவர் என் சட்டையின் நிலையைப் பார்த்துவிட்டு, "பசின்னா நீயும் சாப்புடுப்பா, எதுக்குத் தகராறு" என்று என் கையில் ஒரு நாணயத்தை வைத்தார்.

நான் விடுகிறவன் இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தக் கணவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் தோளில் கை வைத்தான். செல்போனைப் பார்த்து அவன் முகம் வெளுத்திருந்தது.

"பிழை எங்கட பக்கம்தான் ஐயா" என்று வேட்டிக்காரரிடம் சொன்னான். "வரிசையில நிண்ட எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

கலைந்து போனவர்களும் திரும்பி வந்தார்கள். வேட்டிக்காரர் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். வீடியோ எடுத்தவனும் வாங்கிக்கொண்டான். "அதானே, இன்னா பேச்சு பேசறான் பாரு" என்று என்னைக் காட்டி யாரோ சொன்னார்கள்.

சூரியன் இறங்குவதற்குள் மாவும் சொதியும் தீர்ந்துவிட்டது. வண்டி ஓரத்தில் காணிக்கை மாதிரி விழுந்த சில்லறை மட்டும் கிடந்தது. நான் பெற்ற நாணயத்தையும் அதோடு சேர்த்து வைத்தேன். போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு தட்டு தின்றவன் என்பதால் இல்லை. அந்தப் பெண் பெரிய பாத்திரத்தைத் தேய்ப்பதற்காகக் குனிய முடியாமல் பக்கவாட்டில் உட்கார முயன்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தை வாங்கி, தண்ணீர்க் குழாய்க்குக் கொண்டுபோய் நான் தேய்த்தேன். அப்போது அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

இலங்கையில் அவள் கணவன் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவன். நாட்டில் மாவும் இல்லை, சமையல் கேஸும் இல்லை என்று ஆனபோது பேக்கரியை மூடிவிட்டார்கள். இருந்த நகையைக் கொடுத்துப் படகு ஏறினார்கள். படகுக்காரன் கரை வரை கொண்டுவந்து விடவில்லை. கடலுக்கு நடுவே ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, யாராவது வந்து கூட்டிப்போவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"அந்தத் திட்டில நிக்கேக்க தண்ணி ஏறிக்கொண்டு வந்தது அண்ணை. முழங்கால் மட்டும் வந்திட்டுது. அப்ப இவர் சொன்னவர், உயிரோட கரைக்குப் போனா இனி ஒருத்தரை விட்டிட்டு ஒருத்தர் எங்கயும் போறதில்லை எண்டு."

கரைக்கு வந்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் வைத்திருந்துவிட்டு இந்தப் பக்கத்து முகாமுக்கு அனுப்பினார்கள். ஓர் அறை கிடைத்தது. முகாமில் இருக்கிற ஆண்களுக்கு இருக்கிற வேலை பெயிண்ட் வேலைதான். ஓசூர், பெங்களூர் என்று வெளியூரில் தங்கித்தான் செய்ய வேண்டும். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் வந்து பார்க்கும் நாளுக்கு மட்டும் ஓடி வந்து முகம் காட்டிவிட்டு மறுபடி போவார்கள். இவன் அதற்குப் போகவில்லை. புதிதாக வந்த குடும்பங்கள் சொந்தக் காலில் நிற்பதற்கு அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி நடத்தியது. அதில் சேர்ந்தான். சுத்தமாகச் சமைப்பது, சரக்கு வாங்குவது, விலை போடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். முடிவில் வந்தது இந்த வண்டி. முகாமுக்கு ஒரு வண்டிக்குத்தான் நிதி. முதல் தடவை சரக்கு அவர்களே வாங்கித் தருவார்கள். அதை விற்று வரும் பணத்தில் அடுத்த சரக்கு வாங்கிவிட்டால் வண்டி இவர்களுக்கு. வாங்க முடியவில்லை என்றால் பட்டியலில் இருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

வண்டி கிடைத்தால் அவன் அவளோடு இருப்பான். இல்லையென்றால் பெயிண்ட் வேலைக்குப் போக வேண்டும். பெயிண்ட் மேஸ்திரியின் வேன் மறுநாள் காலை கிளம்புகிறது, பௌர்ணமி வரை ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"சரிம்மா. விலை எழுதி ஒரு அட்டையாச்சும் வச்சிருக்கலாம் இல்ல?" என்றேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"எழுதி வச்சனான் அண்ணை. பெரிசா, வடிவா எழுதினனான். காலமை பயிற்சி குடுத்த மேடம் வந்து போட்டோ எடுத்தவா. நிதியுதவி எண்டு எழுதின போர்டை அட்டை மறைக்குது, மேல அனுப்புற போட்டோவில அது தெரியவேணும் எண்டு அட்டையை எடுத்துக் கீழ வைக்கச் சொன்னவா. அவ போனாப்பிறகு அட்டையைத் திரும்ப மேல வைக்கிறதுக்குள்ள சனம் வந்திட்டுது. முதல் வந்த ஆள் தட்டைக் கும்பிட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால வரிசை."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் சொன்னான்.

"வந்த நாளில இருந்து நாங்கள் வரிசையில நிண்டு தட்டு நீட்டிச் சாப்பிட்ட ஆக்கள் அண்ணை. ஒருத்தரும் எங்களிட்டக் காசு கேக்கேல்லை. இண்டைக்குத் தட்டு நீட்டினவையிட்ட எனக்கு வாய் வருகுதில்லை. நாலைஞ்சு பேரோட நிண்டிடும் எண்டு நினைச்சன். நிக்கேல்லை."

விலை போடச் சொல்லிக் கொடுத்தவர்கள், அந்த விலையை வாய் திறந்து எப்படிக் கேட்பது என்று சொல்லித் தரவில்லை. அது ஒரு பாடம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் அன்றுவரை தோன்றியதில்லை. நான் எல்லா வரிசையிலும் நின்றிருக்கிறேன். வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

வெளிச்சம் போவதற்குள் அந்த மேடம் ஒரு சின்ன லோடு வண்டியோடு வந்தாள். மேடம் என்றதும் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. காலில் செருப்பு அறுந்து ஊக்கு குத்தியிருந்தாள். கிரிவலக் கூட்டத்தில் வண்டி வர முடியாமல் பாதி தூரம் இறங்கி நடந்து வந்திருக்கிறாள் போல. வந்ததும் காலிப் பாத்திரங்களைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"எல்லாமே போயிடுச்சா? சூப்பர். நான் சொன்னேன்ல?"

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன்தான் சொன்னான், நடந்ததைச் சுருக்கமாக. அட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் அந்தச் சில்லறையைப் பார்த்தாள். மலர்ந்த முகம் வாடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

"அய்யோ. நான் இப்ப இன்னா எழுதுவேன்?" என்றாள். தனக்குத்தானே பேசுவது மாதிரி. "சரக்கு தீர்ந்துச்சு, விற்பனை இல்லைன்னு எழுதினா, பயனாளிக்கு வியாபாரம் வரலைன்னுதான் மேல எடுத்துப்பாங்க. இந்த ஒரு திட்டத்தைக் காட்டித்தான் அடுத்த வருஷத்துக்கு நிதி கேக்கறோம். வருமான்னே தெரியலை. எங்க சம்பளமே அதுலதான்."

"இன்னொரு வாட்டி சரக்கு வாங்கிக் குடுக்க முடியாதாம்மா?" என்று நான் கேட்டேன்.

என்னை யாரென்று கேட்காமலே பதில் சொன்னாள். "ஒரு குடும்பத்துக்கு ஒரு வாட்டிதான் அண்ணா. என் கையில இருந்தா குடுத்திர மாட்டேனா? அடுத்த குடும்பம் எப்ப வண்டி வரும்னு கேட்டுக்கினே இருக்காங்க. அவங்களும் பாவம்தான். ரெண்டு கொழந்தைங்க."

அட்டையைக் கீழே வைக்கச் சொன்னது நீதானே என்று என் வாய் வரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் என் கையைப் பிடித்து அழுத்தினான். அவள் லோடு வண்டிக்காரரிடம் பேசப் போனதும் மெதுவாகச் சொன்னான்.

"சொல்லாதேங்கோ அண்ணை. அந்தப் பிள்ளை ராத்திரி நித்திரை கொள்ளமாட்டுது. முகாமில எங்களை ஆளா மதிச்சு, பேர் சொல்லிக் கூப்பிடுற ஆள் அவ ஒருத்திதான்."

அவன் மனைவி தலையை ஆட்டினாள். அவளுக்கும் அதில் சம்மதம். வண்டியை இழந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தது அந்தப் பெண்ணின் தூக்கத்தைப் பற்றி. நான் நிறையப் பேரோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு டீ கிளாஸ் உடைந்தால் கூட யார் தலையில் போடலாம் என்றுதான் முதலில் பார்ப்போம். நானும் அப்படித்தான்.

லோடு வண்டியில் ஏற்றுவதற்கு நானும் கை கொடுத்தேன். போர்டு வழியில் மோதாமல் இருக்க ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டினோம். அதற்கு முன் அவன் மனைவி தன் முந்தானையால் போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டாள். அடுத்த குடும்பத்துக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

முகாமுக்குப் போகிற பஸ்ஸுக்காக ரோட்டுக்கு நடந்தோம். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். எதிரே வந்த கிரிவலக் கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. கர்ப்பிணிப் பெண் மலை சுற்றுகிறாள் என்று நினைத்து ஒருவர் கும்பிட்டார். பஸ் வரும்வரை அவன் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, பக்கத்து அறை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், வலி வந்தால் உடனே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல். காலை வேனில் போகிறேன் என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கடைசியில் இதை மட்டும் கேட்டாள்.

"பிள்ளை பிறக்கேக்க நிப்பீங்கள்தானே?"

"ஓம்" என்றான். பிறகு, "ஆள் பாக்க வாற நாளுக்கு எப்பிடியும் வருவன்தானே" என்றான்.

"ஓம். அவை பாக்கிற அண்டைக்கு நானும் பாக்கலாம்" என்றாள் அவள். சிரிக்க முயன்றாள். அவனால் முடியவில்லை. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாழையிலையில் கட்டிய இடியாப்பம். தங்களுக்கென்று எடுத்து வைத்தது. நான் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நீட்டிய சோற்றை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க சாப்புடுங்கம்மா" என்றேன்.

"எங்களுக்கு இறங்கேல்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைப் பக்கத்திலிருந்த மைல்கல்லின் மேல் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

காலையில் வேறு ஊரைப் பார்த்து நடந்திருப்பேன். வழக்கமாக அப்படித்தான். ஆனால் செங்கம் ரோட்டில் படுத்து எழுந்தபோது கால் எந்தப் பக்கமும் போகவில்லை. பௌர்ணமி முடிந்த காலையில் கிரிவலப் பாதையைச் சுத்தம் செய்ய ஆள் எடுப்பார்கள் என்று தெரியும். அந்த வேலையை நான் எப்போதும் செய்ததில்லை. இரவெல்லாம் தின்றுவிட்டுக் காலையில் போய்விடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அன்று போய்க் கேட்டேன்.

"பழக்கம் இருக்குதா?" என்றார் துப்புரவு மேஸ்திரி.

"பெருக்கறதுல இன்னாங்க பழக்கம்."

"அப்ப சாக்கு எடுத்துக்க. நிருதி லிங்கத்துல இருந்து அடி அண்ணாமலை வரைக்கும் உன்னுது."

வேண்டும் என்றே அந்தப் பக்கத்தைக் கொடுத்ததுபோல இருந்தது. பாக்குமட்டைத் தட்டுகள் பாதை முழுக்கச் சிதறிக் கிடந்தன. பந்தல்காரர்கள் வைத்ததும் அதே தட்டு, அந்த வண்டியில் வைத்ததும் அதே தட்டு. எது தானம், எது ஒருத்தன் வீட்டோடு இருப்பதற்காக விற்க வந்தது என்று குப்பையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அள்ளினேன்.

வண்டி நின்ற இடத்தில் மண்ணில் அட்டை ஒன்று கிடந்தது. ஏற்றும்போது கீழ்த் தட்டிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அவள் சொன்னது உண்மைதான். பெரிதாக, வடிவாக எழுதியிருந்தாள். "இடியாப்பம், சொதி, சம்பல்" என்று எழுதி, எதிரே விலை. கீழே ஒரு பூ வரைந்திருந்தாள். மேலே செருப்புத் தடங்கள். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அட்டையத் தனியா போடு" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து சத்தம் போட்டார். "அது எடைக்குப் போவுது."

தனியாகப் போட்டேன்.

அந்த நேரம் வேன் ஓசூர் ரோட்டில் எங்கேயாவது போய்க்கொண்டிருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. பிள்ளை பிறக்கும்போது அவன் வந்தானா என்பதும் தெரியாது. இப்போதும் ஊர் ஊராகத்தான் போகிறேன், இப்போதும் வரிசையில் நிற்கிறேன். ஆனால் தட்டை நீட்டுவதற்கு முன்னால், கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்து, "இது விக்கறதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அன்று காலை குனிந்து நிமிர்ந்து நான் அள்ளிய தட்டுகளில் இரண்டு, நான் தின்றவை.